விடாய்த்துப்போனவர்களுக்கும் சரிபங்கு

வேதபாடம்: 1 சாமுவேல் 30-ம் அதிகாரம்



இந்த மாத வேதபாடத்தைச் சர்க்கரை வியாதியோடு தினமும் போராடுகிற விசுவாசிகளுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "நம்ம சபையில சுகர் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்று கேட்டேன். எண்ணிக்கொண்டே வந்தவன் பாதியிலே நிறுத்திவிட்டேன். என் கையும் மேலேதான் இருந்தது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்த வியாதி இருக்கிறது. சபை மாத்திரம் எப்படித் தப்பும்?

மாத்திரை என்ன, சாப்பாடு என்ன என்று சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காரியத்தை நம் ஜனங்கள் டாக்டரிடம் சொல்லுவதில்லை, பாஸ்டரிடம் வந்து சொல்லுகிறார்கள். "பாஸ்டர், காலையில எழும்பும்போதே ராத்திரி முழுக்க மூட்டை தூக்கினவன் மாதிரி இருக்கு. ஜெபிக்க முழங்கால் போட்டா தூக்கம் வருது. வேதத்தைத் திறந்தா கண்ணு சொருகுது. எதுலயும் ஒரு மனசு வரல. நான் பின்வாங்கிப் போயிட்டேனோன்னு பயமா இருக்கு."

இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் தப்பான பதில் சொன்னேன். அதை முதலாவது அறிக்கை செய்துவிட்டு, பிறகு பாடத்துக்குப் போகிறேன்.

நான் கடிந்துகொண்ட தாயார்

நம் சபையில் ஒரு தாயார் உண்டு. வயது அறுபதுக்கு மேல். சபை ஓலைக்கொட்டகையாய் இருந்த நாள் முதல் முன் வரிசைப் பாயில் உட்காருகிறவர்கள். ஒரு முழு இரவு ஜெபத்தில் அவர்கள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்தது. பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பிரசங்கத்தில் ஐத்திகு என்ற வாலிபனை எடுத்தேன். பவுல் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தானே, அவன்தான் (அப். 20). "தூங்குகிற விசுவாசி விழுவான்" என்று மேசையைத் தட்டிச் சத்தமாய்ச் சொன்னேன். எல்லாரும் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு முழு இரவு ஜெபத்துக்கு அவர்கள் வரவில்லை. கொஞ்ச நாளில் ஞாயிறும் வரவில்லை. "பாத்தீங்களா, குளிர்ந்துபோனாங்க" என்று நானே மனைவியிடம் சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து என் கால்கள் கனக்க ஆரம்பித்தன. பகலில் கம்பெனி வேலை, சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம், இரவில் நாலு தரம் எழுந்து பாத்ரூம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 126 வந்தாலே சர்க்கரை வியாதி என்று கணக்கு. எனக்கு 218. அன்றைக்குத்தான் களைப்பு என்றால் என்னவென்று என் சரீரத்தில் படிக்க ஆரம்பித்தேன்.

அதிகாரத்துக்குள் போவோம்

வேதாகமக் கல்லூரியில் படிக்கிறபோது 1 சாமுவேல் 30-ம் அதிகாரத்துக்கு நான் எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் முழுக்கத் தாவீதும் வெற்றியும்தான். களைத்துப்போனவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் இந்த அதிகாரத்தில் களைத்துப்போன ஜனங்கள் மூன்று இடத்தில் வருகிறார்கள். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூட வாருங்கள்.

1. அழவும் பெலன் இல்லாமல் போனவர்கள் (வச. 4)

தாவீதும் அவனோடிருந்த 600 பேரும் சிக்லாகுக்கு வந்தபோது ஊர் எரிந்து கிடந்தது. மனைவி பிள்ளைகளை அமலேக்கியர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யுத்தவீரர்கள் அழுதார்கள். அழுவதற்கும் தங்களில் பெலன் தீரும்வரைக்கும் அழுதார்கள். வேதம் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

சர்க்கரை வியாதியில் முதல் களைப்பு மனதில் வருகிற களைப்பு. இந்த வியாதிக்கு லீவு கிடையாது. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் மாத்திரை, ஊசி, விரலில் குத்துவது, "அதைச் சாப்பிடாதே, இதைச் சாப்பிடாதே" என்கிற பேச்சு. எல்லாம் ஒழுங்காய்ச் செய்த வாரத்திலும் சில வேளை எண் ஏறி நிற்கும். அப்போது, "இனி என்னத்துக்கு?" என்று மனது விட்டுப்போகும்.

இது உங்களுக்கு மட்டும் வருகிற பலவீனம் என்று நினைக்கவேண்டாம். 1995-ல் அமெரிக்காவில் போலன்ஸ்கி என்கிற மனோதத்துவ நிபுணரும் அவரோடு வேலைசெய்தவர்களும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். இந்த வியாதியைச் சுமந்து நடப்பதினால் வருகிற மனபாரத்தை அளப்பதற்கே அந்தக் கேள்விகள். இந்த மனபாரம் உண்மையானது என்று வைத்தியர்கள் ஒத்துக்கொள்ளுகிறார்கள். அதற்கும் மேலே, மனச்சோர்வு என்கிற வியாதியும் சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாய் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, சந்தோஷம் எல்லாம் கெட்டு, வாழ்ந்தது போதும் என்கிற நினைவு வந்தால், ஜெபியுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். இரண்டையும் அன்றைக்கே செய்யுங்கள்.

2. கேட்டுவிட்டுப் புறப்பட்டவன் (வச. 6-8)

தாவீது தன்னைக் கர்த்தருக்குள் திடப்படுத்திக்கொண்டான் என்பதில் நாம் 'ஆமென்' சொல்லுகிறோம். அதற்கு அடுத்து அவன் செய்ததைப் பார்க்கிறோமா? அபியத்தாரைக் கூப்பிட்டு, ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, பின்தொடரலாமா என்று விசாரித்தான். தானாக ஒரு முடிவுக்கு வந்து ஓடவில்லை.

நாமோ களைப்பு வந்தவுடனே நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "சோம்பேறித்தனம்", "வயசாயிருச்சு", "பின்மாற்றம்", "யாரோ கண்ணு வச்சிட்டாங்க". பிரியமானவர்களே, விசாரியுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் களைப்பு வர அநேகக் காரணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை ஒன்று. அநேகருக்கு அது 7-ஐ ஒட்டி இருக்கவேண்டும் என்பார்கள். வயதையும் மற்ற வியாதிகளையும் பார்த்து டாக்டர் இலக்கை மாற்றுவார். இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தைராய்டு குறைந்தாலும் இதே அசதி வரும். மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்காய்ச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12 என்கிற வைட்டமின் குறைந்துபோகும். களைப்பும் கால் மரத்துப்போவதும் அதனாலும் வரலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்ப்பார்கள். இரவில் பலமாய்க் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கினவர்கள் ஆகமாட்டார்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

ஒரு எச்சரிப்பு. திடீரென்று இதுவரை இல்லாத களைப்பு, மூச்சு வாங்குதல், வியர்வை வந்தால், நெஞ்சு வலிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில வேளை மாரடைப்பு வலியில்லாமலே வரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. விடாய்த்துப்போன இருநூறு பேர் (வச. 9, 10)

பேசோர் ஆற்றண்டை வந்தபோது 200 பேரால் கடக்கமுடியவில்லை. நம்முடைய தமிழ் வேதாகமம் அவர்கள் விடாய்த்துப்போனார்கள் என்கிறது. 'விடாய்' என்கிற சொல்லுக்குத் தமிழில் களைப்பு என்றும் அர்த்தம் உண்டு, தாகம் என்றும் அர்த்தம் உண்டு. சர்க்கரை ஏறின சரீரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

சர்க்கரை ஏறும்போது என்ன நடக்கிறது? நாம் சாப்பிடுகிற சோறும் இட்லியும் சர்க்கரையாய் மாறி இரத்தத்தில் போகிறது. அதைத் தசைக்குள் போகவிடுகிற சாவி இன்சுலின். இன்சுலின் குறைந்தாலோ, இருந்தும் சரியாய் வேலை செய்யாவிட்டாலோ, சர்க்கரை வெளியிலே நிற்கும், தசை உள்ளே பட்டினி கிடக்கும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும், கதவு திறக்காததால் பிள்ளைகள் பசியோடு படுப்பதுபோல. மிஞ்சின சர்க்கரையைச் சிறுநீரகம் தண்ணீரோடு வெளியே தள்ளும். அதனால் தாகம், அதனால் இராத்திரி நாலு தரம் எழும்புதல், அதனால் தூக்கம் கெடுதல். மறுநாள் ஜெபத்தில் கண் சொருகாமல் என்ன செய்யும்?

இந்த 200 பேரும் மற்ற 400 பேரோடு சிக்லாகிலிருந்து ஒன்றாய்ப் புறப்பட்டவர்கள்தான். பயந்து ஓடினவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. சரீரம் ஓய்ந்துபோயிற்று என்றுதான் சொல்லுகிறது. தாவீது அங்கே நின்று அவர்களுக்கு ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை.

4. வயலில் கிடந்த எகிப்தியன் (வச. 11-15)

போகிற வழியில் ஒருவன் வயல்வெளியில் கிடந்தான். வியாதிப்பட்டதினால் எஜமான் விட்டுப்போன வேலைக்காரன். மூன்று நாள் இரவும் பகலும் அப்பமும் தண்ணீரும் இல்லை. தாவீதின் ஆட்கள் முதலாவது என்ன செய்தார்கள்? அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்கள். அத்திப்பழ அடையில் ஒரு துண்டும், வற்றின திராட்சக்குலை இரண்டும் கொடுத்தார்கள். அவனுக்கு உயிர் திரும்ப வந்தது. 'நீ யார்?' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

இந்த வசனத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில். காலையில் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் பிரசங்கிக்க நின்றேன். 12 மணி இருக்கும். உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. வார்த்தை குழறியது. ஜனங்கள் பாஸ்டர்மேல் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நினைத்து, "அல்லேலூயா" என்று ஆர்ப்பரித்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு சகோதரி மாத்திரம் எழுந்து ஓடிவந்து, "பாஸ்டர் உட்காருங்க, இது லோ சுகர்" என்று சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் கலந்து குடிக்க வைத்தாள். மீட்டரில் 52. அதற்குமேல் கொஞ்ச நேரம் போயிருந்தால் இந்தப் பாடத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

ஆகையால் இதை எல்லாரும் மனப்பாடம் பண்ணுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அது தாழ்வு. திடீர் வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, தலைசுற்றல், சம்பந்தமில்லாத கோபம் அல்லது குழப்பம் இதன் அடையாளங்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் பொறுத்து மறுபடியும் சோதியுங்கள். 70-க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு தரம் கொடுங்கள். சரியானவுடன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் எடுக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

உபவாசத்தைப் பற்றியும் தெளிவாய்ச் சொல்லுகிறேன். இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுக்கிறவர்கள் பட்டினி கிடந்தால் வேறொரு ஆபத்து உண்டு. இரத்தத்தில் அமிலம் கூடிவிடும். கர்ப்பிணிகளும் சிறுநீரக வியாதி உள்ளவர்களும் அப்படியே டாக்டரைக் கேளுங்கள். நம் சபையில் இப்போது இப்படிப்பட்டவர்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு உபவாசக்கூட்டத்தில் வந்து உட்காருகிறார்கள். டிவியையோ செல்போனையோ அந்த நாளில் ஒதுக்கிவைக்கிறார்கள். அவர்களை ஒருவரும் குறைவாய்ப் பார்க்கக்கூடாது என்று நான் பீடத்திலிருந்தே சொல்லியிருக்கிறேன்.

அந்த வீட்டுக்குப் போனேன்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த அதிகாரத்தை வாசித்தபோது, ஒரு முகம் என் முன்னே வந்து நின்றது. மறுநாளே அந்தத் தாயார் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தார்கள். "அம்மா, நீங்க எழும்ப வேண்டாம். நான்தான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்றேன்.

அவர்கள் அழுதுகொண்டே சொன்னது என்னை இன்னும் நொறுக்கிற்று. "பாஸ்டர், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஜெபிச்சீங்க. எனக்கு சுகர் போயிருச்சுன்னு சபையில சாட்சி சொன்னேன். நீங்களும் மைக்ல எல்லாருக்கும் சொன்னீங்க. அப்புறம் மறுபடியும் தாகமும் அசதியும் வந்துச்சு. சாட்சி சொன்ன வாயால எப்படி மாத்திரை சாப்பிடுறது? கர்த்தருக்கு அவமானம் இல்லையா?"

அவர்கள் பரிசோதனை செய்யாமலே மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். செய்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. கைதட்டினேன், அவ்வளவுதான். அன்றைக்கே அவர்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரை 412. உள்ளங்காலில் ஒரு புண். மரத்துப்போன காலாகையால் அவர்களுக்கே தெரியவில்லை. டாக்டர் இன்சுலின் ஆரம்பித்தார். புண் ஆற மூன்று மாதம் ஆனது. காலை எடுக்கவேண்டிய நிலைமை வராமல் கர்த்தர் காத்தார்.

தேவன் சுகமாக்குகிறவர் என்று நான் இன்றைக்கும் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். இயேசு பத்துக் குஷ்டரோகிகளிடம், போய் ஆசாரியர்களுக்குத் தங்களைக் காண்பிக்கும்படி சொன்னாரே (லூக். 17). அந்த நாளில் சுகத்தைச் சோதித்துப் பார்க்கிற இடம் அதுதான். மெய்யாகவே சுகம் கிடைத்தவன் இரத்தப் பரிசோதனைக்கு ஏன் பயப்படவேண்டும்? எண் இறங்கியிருந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். குறைக்கிறவர் அவராக இருக்கட்டும். எசேக்கியா பிழைப்பான் என்று தேவனுடைய வாக்கு வந்த பிறகும், ஏசாயா அவன் பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னான் (2 இராஜா. 20). வாக்கும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

இன்சுலினைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1921-க்கு முன்னே இந்த வியாதி வந்த சிறுபிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரோடு வைப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி தெரியாது. அந்த வருஷம் கனடா தேசத்தின் டொரண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டுபேர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதைப் போட்டார்கள். அவன் பிறகு 13 வருஷம் உயிரோடிருந்தான். இப்படிப்பட்ட மருந்தை ஸ்தோத்திரத்தோடே போட்டுக்கொள்ளலாம்.

5. தளவாடங்களண்டை இருந்தவர்கள் (வச. 21-25)

ஆற்றைக் கடக்காத 200 பேரும் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களுடைய மூட்டை முடிச்சுகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள். தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். மனசு வராத நாட்களில் நமக்கும் இதுதான் வழி. மனசு வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. சின்னதாய் ஒன்றை ஆரம்பித்தால், பின்னாலே வரும்.

மாத்திரை டப்பாவை வேதாகமத்தின் பக்கத்தில் வையுங்கள். காலை தியானத்தோடு அதுவும் ஞாபகத்துக்கு வரும்.

சாப்பிட்ட பிறகு 10 அல்லது 15 நிமிஷம் நடங்கள். நடக்கும்போது கால்தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். அதைக் கேட்டு மலைத்துப்போகாதீர்கள். இன்றைக்குத் தெருமுனைவரை போய்த் திரும்புங்கள், நாளைக்கு அடுத்த தெரு. காலில் புண்ணோ நெஞ்சில் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தட்டில் பாதிக்குக் காய்கறி வையுங்கள். சோற்றைக் குறையுங்கள். பயறு, முட்டை, மீன் சேருங்கள். கேழ்வரகு நல்லது என்று சொம்பு சொம்பாய்க் கூழ் குடிக்கிறவர்கள் உண்டு. கூழாய்க் கரைத்துக் குடித்தால் அதுவும் சீக்கிரமாய்ச் சர்க்கரையை ஏற்றும். சகோதரிகளே, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு மீந்ததைச் சாப்பிடுகிற பழக்கத்தை விடுங்கள். வேளை தப்பினால் சர்க்கரையும் தப்பும்.

மீட்டரில் எண் கூடியிருந்தால் அதற்காக ஒருவரும் உங்களைத் தண்டிக்கப்போவதில்லை. நேற்று என்ன சாப்பிட்டோம், எப்படித் தூங்கினோம் என்று அது சொல்லுகிறது. நோட்டில் எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அதிகாலை 4 மணிக்கு முடியாவிட்டால், உங்களுக்குத் தெம்பு இருக்கிற வேளையில் ஜெபியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து 10 நிமிஷம் ஜெபித்தாலும் அது ஜெபந்தான்.

மருந்துச் செலவுதான் தடை என்கிறவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் தெருவுக்கு வருகிற சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

இனி சபைக்கு ஒரு வார்த்தை. தாவீது திரும்பிவந்தபோது அந்த 200 பேரண்டைக்கு வந்து, முதலாவது அவர்களுடைய சுகத்தை விசாரித்தான். கூடப்போனவர்களில் சில பொல்லாத மனுஷர், இவர்கள் வராததினால் கொள்ளையில் பங்கு கொடுக்கக்கூடாது என்றார்கள். தாவீது சம்மதிக்கவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டையைக் காத்தவனுக்கும் ஒரே பங்கு என்று தீர்த்தான். அது இஸ்ரவேலிலே பிரமாணமாயிற்று.

நம் சபையிலும் இது பிரமாணமாகட்டும். அன்பின் விருந்தில் கேசரியை வைத்துவிட்டு, "ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். சர்க்கரை போடாத டீயும் சுண்டலும் வையுங்கள். கூட்டத்தில் ஒருவர் தூங்கினால் திரும்பிப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முடிந்தபின் போய், "உடம்பு எப்படி இருக்கு? கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேளுங்கள்.

ஐத்திகுவின் காரியத்திலும் நான் பாதிதான் பிரசங்கித்திருந்தேன். விழுந்த பையனைப் பவுல் திட்டவில்லை. மாடியிலிருந்து இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். மேடையிலேயே நின்றுகொண்டிருந்தவன் நான்தான்.

அந்தத் தாயார் இப்போது மறுபடியும் முன் வரிசையில் இருக்கிறார்கள், பாயில் அல்ல, நாற்காலியில். முழு இரவு ஜெபத்துக்கு வருவார்கள். இரவு 10 மணிக்கு ஒரு பிள்ளை கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விடும். போகும்போது ஜெபக்குறிப்பு நோட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் காலையில் மாத்திரை, ஊசி, சாப்பாடு முடித்துத் தெம்பாய் உட்கார்ந்து, நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயராய்ச் சொல்லி ஜெபிக்கிறார்கள். என் பெயர் அதில் முதலாவது இருக்கிறதாம்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிந்திக்க:

1. என் களைப்புக்கு நானே என்ன பெயர் வைத்திருக்கிறேன்? அதன் காரணத்தை எப்போதாவது விசாரித்தேனா?

2. டாக்டரைக் கேட்காமல் நான் நிறுத்தின மருந்து ஏதாவது உண்டா? அதை இந்த வாரத்தில் யாரிடம் சொல்லுவேன்?

3. களைத்துப்போனதினால் நம் கூட்டத்துக்கு வராமல் போன ஒருவர் யார்? அவர் வீட்டுக்குப் போவது யார்?

ஜெபம்: எங்கள் பலவீனத்தை அறிந்த நல்ல ஆண்டவரே, களைத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்கு இன்றைய நாளுக்குரிய பெலனைத் தாரும். விசாரிக்கவும், மருந்தை ஸ்தோத்திரத்தோடே எடுக்கவும், ஒருவரையொருவர் தாங்கவும் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.